வென்டிலேட்டரிலிருந்து விடுபடும் நேரம்: பிரிமென்றகட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் வேலை செய்யும் மருத்துவன் நான். யாழ்ப்பாணம், ஹற்றன், மட்டக்களப்பு என்று தூர இடங்களிலிருந்து நோயாளியை அம்புலன்ஸில் கொண்டு வந்துவிட்டு, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கி, பார்வை நேரத்துக்கு ஓடி வரும் குடும்பங்கள் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் இவை. புதிதாகப் பிரிவுக்கு வரும் இளம் வைத்தியர்களும் தாதியரும் கேட்பவற்றையும் இடையிடையே சேர்த்திருக்கிறேன். தமிழில் விளக்க ஆள் இல்லாததால் மட்டும் ஒரு குடும்பம் நாட்கணக்கில் பயந்துகொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

பிரிமென்றகடு என்பது எது?

நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குடை விரித்தது போல இருக்கும் மெல்லிய தசை. நம் பாடநூல்களில் பிரிமென்றகடு என்றும் தமிழகத்து நூல்களில் உதரவிதானம் என்றும் எழுதுவார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது அது சுருங்கிக் கீழிறங்கும். நெஞ்சறை பெரிதாகி நுரையீரலுக்குள் காற்று வரும். அமைதியாகச் சுவாசிக்கும்போது வேலையின் பெரும்பங்கு இந்த ஒரு தசைக்கே. கழுத்து முள்ளந்தண்டின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மட்டங்களிலிருந்து இறங்கும் நரம்பு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இதை இயக்குகிறது. கழுத்தில் பலமாக அடிபட்டவர் கை காலோடு மூச்சையும் இழப்பது அதனால்தான்.

“நிமோனியா சரியாகிவிட்டது, எக்ஸ்ரே தெளிவு என்கிறீர்கள். பிறகு ஏன் வென்டிலேட்டரை, அந்த மூச்சுக் கருவியை, கழற்றவில்லை?”

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவரின் குரலில் சந்தேகமும் இருக்கும். காசுக்காக வைத்திருக்கிறார்களோ, எதையாவது மறைக்கிறார்களோ என்ற அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். நுரையீரல் நோய் தீர்வது ஒன்று, மூச்சிழுக்கும் தசைக்குப் பலம் திரும்புவது இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டுமென்பதில்லை.

கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவரின் காலை ஆறு வாரம் கழித்துப் பாருங்கள், மெலிந்து போயிருக்கும். பிரிமென்றகடு அதைவிட மிக வேகமாக மெலிகிறது. 2008 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. மூளைச்சாவு அடைந்து உறுப்புத் தானம் செய்த 14 பேரின் பிரிமென்றகட்டிலிருந்து சிறு துண்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய தசை 18 முதல் 69 மணி நேரம் வரை முற்றிலும் ஓய்ந்திருக்க, கருவியே மூச்சுவிட்டிருந்தது. சில மணி நேரச் சத்திரசிகிச்சைக்கு வந்த 8 பேரின் தசையோடு ஒப்பிட்டபோது, மெதுவாகச் சுருங்கும் நார்களின் குறுக்குப் பரப்பு 57 சதவீதமும் வேகமாகச் சுருங்கும் நார்களின் பரப்பு 53 சதவீதமும் குறைந்திருந்தன. மூன்று நாள் கூட ஆகவில்லை, நார்களின் பருமனில் பாதிக்கு மேல் போய்விட்டது. இதை முதல் முறை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியானால் வென்டிலேட்டர்தான் கெடுதல் செய்ததா?

அது இல்லாவிட்டால் உங்கள் தந்தையோ மகளோ அன்றே போயிருப்பார்கள். அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தசை கெடுவதற்குக் கருவி மட்டும் காரணமுமல்ல. இரத்தத்தில் கிருமி பரவிய நிலையே தசையை நேரடியாகத் தாக்கும். பிரான்ஸில் நடந்து 2013 இல் வெளியான ஆய்வொன்றில், தீவிர சிகிச்சைக்கு வந்து, கருவியோடு இணைக்க வாய் வழியே மூச்சுக் குழாய் போடப்பட்ட முதல் நாளே 64 சதவீதமானோரின் பிரிமென்றகடு பலவீனமாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பலவீனத்தோடேயே கருவிக்கு வந்தவர்கள்.

கருவியைச் சரியாக வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. அது எல்லா வேலையையும் செய்தால் தசை மெலியும். உதவி போதாமல் நோயாளி நாள் முழுவதும் திணறி இழுத்தாலும் தசை காயப்பட்டு வீங்கும். கனடாவில் 2015 இல் 107 நோயாளிகளின் பிரிமென்றகட்டுத் தடிப்பை நாள்தோறும் அளந்தபோது 44 சதவீதமானோரில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, 12 சதவீதமானோரில் கூடியது. கூடியவர்களுக்கும் அது நல்லதாக முடியவில்லை. ஆரோக்கியமான மனிதர் ஓய்வில் எடுக்கும் முயற்சிக்கு நெருக்கமாக வைத்திருப்பதே நல்லது என்பதுதான் இன்றைய எண்ணம்.

“இன்று அரை மணி நேரம் சோதித்தோம்” என்கிறார்களே, அது என்ன?

கருவியின் உதவியை மிகக் குறைத்தோ முற்றாக நிறுத்தியோ, குழாய் வாயில் இருக்கும்போதே நோயாளியைத் தானாகச் சுவாசிக்க விட்டுப் பார்ப்பது. சுயசுவாசச் சோதனை என்போம். பெரும்பாலும் 30 நிமிடம், சிலருக்கு 2 மணி நேரம் வரை. மூச்சு நிமிடத்துக்கு 35 ஐத் தாண்டினால், ஒட்சிசன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால், நாடித் துடிப்பு 140 ஐத் தாண்டினால், வியர்த்து முகம் கலங்கினால் நிறுத்திவிட்டுக் கருவிக்கே திரும்புவோம். தேர்வில் தவறுவது தண்டனை இல்லை. நாளை மறுபடி வைப்போம்.

இதில் ஒரு பழைய கணக்கை எல்லோரும் பார்க்கிறோம். ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கையை, ஒரு மூச்சின் காற்றளவால் (லீற்றரில்) வகுப்பது. நிமிடத்துக்கு 20 மூச்சு, ஒவ்வொன்றும் 0.4 லீற்றர் என்றால் 50. நிமிடத்துக்கு 30 மூச்சு, ஒவ்வொன்றும் 0.25 லீற்றர் என்றால் 120. 1991 இல் வெளியான ஆய்வு 105 என்ற எல்லையைக் கொடுத்தது. சிறிய, வேகமான மூச்சு நல்ல அறிகுறியல்ல என்பதே இதன் சாரம். ஆனால் பலவீனமான பிரிமென்றகடு உள்ளவரும் கழுத்துத் தசையாலும் விலாத் தசையாலும் ஈடு கட்டிச் சில நேரம் நல்ல எண்ணைக் காட்டிவிடுவார். அதனால்தான் தசையைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருவி எதுவும் இல்லாமல், கட்டிலருகே நின்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். இளம் வைத்தியர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். திரையைப் பார்ப்பதை நிறுத்துங்கள். போர்வையை விலக்கி ஒரு கையை நெஞ்சிலும் மறு கையை வயிற்றிலும் வையுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழ வேண்டும். நெஞ்சு எழும்போது வயிறு உள்ளே குழிந்தால், பிரிமென்றகடு கீழிறங்குவதற்குப் பதிலாக மேலே உறிஞ்சப்படுகிறது என்று பொருள். கழுத்தின் இருபக்கத் தசைகளும் கயிறு போலப் புடைத்துத் தெரிந்தால், தன் வேலையல்லாத வேலையை அவை செய்துகொண்டிருக்கின்றன. சாய்த்து உட்கார வைத்தால் நன்றாக இருந்து, படுக்க வைத்ததும் திணறுபவரிடமும் இந்தத் தசையைச் சந்தேகிக்க வேண்டும்.

எக்ஸ்ரேயை நம்பி ஏமாறாதீர்கள். கருவியின் அழுத்தம் உள்ளிருந்து தள்ளுவதால், செயலிழந்த பிரிமென்றகடும் படத்தில் ஒழுங்கான இடத்தில் இருப்பது போலத் தெரியும்.

ஸ்கேன் செய்கிறார்கள். அதில் எதைப் பார்க்கிறார்கள்?

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் அதே அல்ட்ராசவுண்ட்தான். கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, நோயாளியை எங்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரே ஸ்கேன் கருவியால் இரண்டு வேறு விஷயங்களைப் பார்க்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இளையவர்களை அடிக்கடி காண்கிறேன்.

முதலாவது, தசை எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது. விலா எலும்பின் கீழ் விளிம்பில் வளைந்த முனையுள்ள ஸ்கேன் கருவியை வைத்து, ஈரலினூடாக மேல்நோக்கிப் பார்ப்போம். வலப்பக்கம் எளிது, ஈரல் நல்ல ஜன்னல். இடப்பக்கம் வயிற்றுக் காற்று மறைக்கும். மண்ணீரல் வழியாக வருந்தித் தேட வேண்டும். 2011 இல் கொரியாவிலிருந்து வந்த ஆய்வு, நகர்வு 10 மில்லிமீற்றருக்குக் குறைவாகவோ எதிர்த்திசையிலோ இருப்பதைச் செயலிழப்பு என்று வகுத்தது. அதில் 82 பேரில் 24 பேருக்கு அப்படி இருந்தது. ஆனால் ஒரு பொறி உண்டு. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அளந்தால், செத்த தசையும் கீழிறங்கும். அது தசையின் நகர்வல்ல, வென்டிலேட்டர் தள்ளிய தள்ளல். உதவியை நிறுத்திய பிறகே இந்த அளவுக்கு அர்த்தம் உண்டு.

இரண்டாவது, தசை எவ்வளவு தடிக்கிறது என்பது. எந்தத் தசையும் சுருங்கும்போது தடிக்கும், கையை மடக்கினால் புஜம் திரள்வது போல. எட்டாம் பத்தாம் விலாக்களுக்கிடையே, அக்குளிலிருந்து நேர் கீழே இறங்கும் கோட்டை ஒட்டி, தட்டையான முனையுள்ள ஸ்கேன் கருவியை வைத்தால் இரண்டு வெண்கோடுகள் தெரியும். அவற்றுக்கு நடுவே உள்ள கருமையான பட்டைதான் பிரிமென்றகடு, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். மூச்சை வெளிவிட்டு முடிக்கும்போது ஒரு தடவையும் உள்ளிழுத்து முடிக்கும்போது ஒரு தடவையும் அளக்கிறோம். எவ்வளவு கூடியது என்பதை முதல் அளவால் வகுத்தால் தடிப்பு வீதம். 2.0 மில்லிமீற்றர் 2.6 ஆனால் 30 சதவீதம். இங்கே வென்டிலேட்டர் தள்ளுவதால் தசை தடிக்காது, தானே சுருங்கினால்தான் தடிக்கும். இதனால் இந்த அளவு எனக்குப் பிடிக்கும்.

எப்போதும் ஒரே சாய்வில், ஒரே பக்கத்தில் அளந்து, தோலில் பேனாவால் அடையாளமிட்டு வையுங்கள். நாளை அளப்பவர் வேறு இடத்தில் வைத்தால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.

30 சதவீதத்துக்குக் குறைந்தால் குழாயை எடுக்கக் கூடாதா?

அப்படி ஒரு சட்டம் இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

அந்த 30 எங்கிருந்து வந்தது? 2014 இல் 63 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், 30 சதவீதமோ அதற்கு மேலோ தடித்தவர்கள் பெரும்பாலும் கருவியிலிருந்து வெற்றியோடு விடுபட்டார்கள். விடுபட்டவர்களில் 88 சதவீதமானோரையும் (உணர்திறன்), விடுபடாதவர்களில் 71 சதவீதமானோரையும் (குறிப்புத்திறன்) இந்த எல்லை சரியாக இனங்கண்டது. நல்ல எண்கள்தான். ஆனால் 2019 இல் பல வைத்தியசாலைகளைச் சேர்த்து 191 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு வேறு கதை சொன்னது. அவர்கள் எல்லோரும் சுயசுவாசச் சோதனையில் தேறியவர்கள், ஆனால் முதுமையாலோ இதய, நுரையீரல் நோயாலோ மறுபடி குழாய் தேவைப்படும் அபாயம் கூடியவர்கள். அவர்களில் யாருக்கு மீண்டும் குழாய் போட நேரும் என்பதைப் பிரிமென்றகட்டு ஸ்கேனால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

மேலே சொன்ன கணக்கையே திரும்பப் பாருங்கள். 2.0 ஐ 2.1 என்றும், 2.6 ஐ 2.5 என்றும் தவறாக அளந்துவிட்டால், அதாவது தலைமுடியின் பருமனளவே பிழைத்துவிட்டால், 30 சதவீதம் 19 ஆகிவிடும். இத்தனை மெல்லிய நூலில் ஒரு மனிதரின் நாளைத் தொங்கவிடலாமா?

நான் ஸ்கேனைப் பயன்படுத்தும் வழி வேறு. சுயசுவாசச் சோதனையில் நன்றாகத் தேறி, விழிப்பாக இருந்து, பலமாக இருமக்கூடியவரிடம் 22 சதவீதம் என்று ஸ்கேன் காட்டினால் நான் குழாயை எடுத்துவிடுவேன், அடுத்த இரண்டு நாள் கூடுதல் கவனத்தோடு. சோதனையில் திரும்பத் திரும்பத் தவறுபவரிடம்தான் ஸ்கேன் உண்மையில் கைகொடுக்கிறது. ஏன் தவறுகிறார் என்ற கேள்விக்கு அது வழி காட்டும். பிரிமென்றகடு நன்றாகத் தடிக்கிறது என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். கருவியின் அழுத்தம் நீங்கியதும் இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கிறதா, சளி அடைக்கிறதா, மனம் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்போம்.

மூச்சை இழுக்கும் பலத்தை நேரடியாக அளக்க முடியாதா?

முடியும். குழாயின் வாயை அடைத்துவிட்டு, முடிந்தவரை பலமாக இழுக்கச் சொல்வோம். உண்டாகும் எதிரழுத்தத்தைக் கருவி காட்டும். எதிர் 80 சென்டிமீற்றர் நீரழுத்தம் வரை இழுப்பவருக்குப் பெரிய பலவீனம் இல்லை. எதிர் 30 ஐக்கூட எட்டாதவரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விடுங்கள். இது நோயாளியின் ஒத்துழைப்பை நம்பிய சோதனை. சொன்னது புரியாவிட்டால் எண் குறையும். ஒருமுறை தோட்டத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவுக்கு மூன்று நாள் தொடர்ந்து எதிர் 18, 20 என்றே வந்தது. தசை பலவீனம் என்று குறிப்பில் எழுதியாகிவிட்டது. நான்காம் நாள் நான் பக்கத்தில் நின்றேன். “ஹுஸ்ம கன்ன, ஹுஸ்ம கன்ன” என்று சோதனை செய்தவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். மூச்செடுங்கள் என்று சிங்களத்தில். அம்மா விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, “அம்மா, மூச்சை நல்லா உள்ளே இழுங்கோ, இன்னும், இன்னும்” என்றேன். எதிர் 38. தசை அன்று காலையில் பலம் பெறவில்லை, சொல் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே. குற்றம் எந்தத் தனி மனிதருடையதுமல்ல. ஆனால் தமிழ் பேசும் நோயாளியிடம் இந்தச் சோதனையைத் தமிழில் செய்யாத எண்ணை நான் இப்போது ஏற்பதில்லை. பார்வை நேரத்தில் மகளையோ மகனையோ அருகில் நிறுத்தி, அவர்கள் குரலில் சொல்ல வைக்கிறேன். தெரிந்த குரலுக்கு மனிதர் இன்னும் பலமாக இழுக்கிறார்.

சொல்வதைக் கேட்கும் நிலையில் இல்லாதவருக்கு வேறு வழி உண்டு. காற்று வெளியே போக மட்டும் விடும் ஒருவழி அடைப்பை ஏறக்குறைய 20 வினாடி வைத்தால், அவர் தானாகவே மேலும் மேலும் பலமாக இழுப்பார்.

கருவித் திரையில் பி பூச்சியம் தசம் ஒன்று என்றொரு எண் தெரிகிறது. அதுவும் பிரிமென்றகட்டின் பலமா?

இல்லை. மூச்சு தொடங்கிய முதல் 0.1 வினாடியில் எழும் அழுத்தம் அது. மூளை எவ்வளவு பலமாகக் கட்டளையிடுகிறது என்பதையே காட்டும். 1 க்கும் குறைவென்றால் தசை சோம்பிக் கிடக்கிறது, உதவி அளவுக்கு மீறியிருக்கலாம். 4 ஐத் தாண்டினால் நோயாளி அவதிப்படுகிறார். பயனுள்ள எண், ஆனால் கேள்வி வேறு.

மிகத் துல்லியமான சோதனை எது?

உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் சிறு பலூன்களை வைத்து, கழுத்தில் காந்தத் துடிப்பால் நரம்பைத் தூண்டி அழுத்தத்தை அளப்பது. நோயாளியின் முயற்சி தேவையில்லை. தூண்டலுக்குக் குழாயின் வாயில் 11 சென்டிமீற்றர் நீரழுத்தத்துக்குக் குறைவாக வந்தால் செயலிழப்பு. ஆய்வுகளுக்கு உகந்தது, அன்றாட வார்டு வேலைக்கு அல்ல.

பூச்சிமருந்து குடித்தவர், பாம்பு கடித்தவர் விஷயம் வேறா?

வேறுதான். இலங்கையில் வேலை செய்பவர் இதை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே தசை மெலிந்ததால் அல்ல, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் செய்தி தடைப்படுவதால் மூச்சு நிற்கிறது. ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்துக்குப் பின், முதல் ஆபத்துத் தணிந்து எல்லோரும் நிம்மதியடைந்த வேளையில், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும் நிலை உண்டு. இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987 இல் 10 நோயாளிகளை வைத்து உலகுக்கு இதை விளக்கினார்கள். இன்று உலகப் பாடநூல்களில் இருக்கும் ‘இடைநிலை நோய்த்தொகுதி’ (intermediate syndrome) என்ற பெயரும் அவர்கள் இட்டதே.

இவர்களிடம் ஸ்கேனுக்கு முன்பு நான் பார்ப்பது, தலையணையிலிருந்து தலையைத் தூக்கி 5 வினாடி வைத்திருக்க முடிகிறதா என்பதை. கழுத்தைத் தூக்க முடியாதவரிடம் சுயசுவாசச் சோதனைக்கு அவசரப்படுவதில்லை. கட்டுவிரியன் கடித்தவருக்கும் இதுவே. விஷமுறிவு மருந்து கொடுத்தபின்னும் சேதமான நரம்பு நுனிகள் வளர நாட்களோ வாரங்களோ ஆகும். ஆனால் திரும்பி வரும். இளவயதினர், நுரையீரல் நன்றாக இருப்பவர்கள், வீட்டுக்கு நடந்து போவதைப் பார்க்கும் வாய்ப்பு இவர்களிடம்தான் அதிகம்.

இதய சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்கிறார்களே?

பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பு இதயத்தை ஒட்டியே இறங்குகிறது. இதயத்தைக் குளிரூட்டுவதாலோ அறுவையின்போதோ அது பாதிக்கப்படலாம், பெரும்பாலும் இடப்பக்கம். ஒரு பக்கம் மட்டும் என்றால் பலர் சமாளித்துவிடுவார்கள். நரம்பு மீள மாதங்கள் ஆகலாம். அதனால்தான் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

பலவீனம் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

முதலில் திருத்தக்கூடியதைத் திருத்துவோம். இரத்தத்தில் பொஸ்பேட், பொற்றாசியம், மக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். 1985 இல் 8 நோயாளிகளுக்குக் குறைந்த பொஸ்பேட்டை ஏற்றியபோது பிரிமென்றகட்டின் அழுத்தம் 9.75 இலிருந்து 17.25 சென்டிமீற்றர் நீரழுத்தமாக உயர்ந்தது. இத்தனை மலிவான மருந்து வேறில்லை. தேவையற்ற மயக்கமருந்தைக் குறைப்போம். கிருமியை அடக்குவோம், போதிய புரதம் கொடுப்போம், கட்டிலோரத்தில் உட்கார வைப்போம்.

பிறகு பயிற்சி. இயன்மருத்துவர் தடையுள்ள சிறு வால்வை மாட்டி, அதை எதிர்த்து இழுக்க வைப்பார், சில மூச்சுகள், ஓய்வு, மறுபடி சில மூச்சுகள் என்று. 2011 இல் கருவியிலிருந்து விடுபட முடியாமலிருந்த 69 பேரிடம் செய்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் 71 சதவீதமும் பெறாதவர்களில் 47 சதவீதமும் விடுபட்டார்கள். எல்லா ஆய்வுகளும் இவ்வளவு சாதகமாக இல்லை. ஆனாலும் விழித்திருந்து ஒத்துழைப்பவருக்கு நான் இதைக் கேட்டு வாங்குவேன்.

நாட்கள் நீண்டால் கழுத்தில் சிறு துளையிட்டுக் குழாயை மாற்றச் சொல்வோம். அதைக் கைவிட்டதன் அடையாளம் என்று நினைத்து மறுக்கும் குடும்பங்கள் உண்டு. வாய் விடுதலையாகும், மயக்கமருந்து குறையும், பயிற்சி எளிதாகும். பலம் வந்ததும் எடுத்துவிடலாம்.

குழாயை எடுத்தபின் நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

முதல் 48 மணி நேரம் முக்கியம். அபாயம் கூடியவருக்கு முகமூடிக் கருவியோ வேகமாக ஒட்சிசன் தரும் மூக்குக் குழாயோ தொடக்கத்திலேயே கொடுப்போம், நிலைமை கெட்டபின் அல்ல. அவரைச் சாய்த்து உட்கார விடுங்கள், தலையணையை எடுத்துத் தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள். அதிகம் பேச வைக்காதீர்கள். மூச்சு வேகம் கூடினால், வயிறு உள்ளே குழிந்தால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால் உடனே தாதி மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்.

கப்பித்தாவத்தைக் கோயில் தீர்த்தமும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் தண்ணீரும் கொண்டு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். நெற்றியில் தடவுங்கள். விழுங்கும் சோதனை முடியும் வரை ஒரு துளியும் வாயில் விடாதீர்கள். நாட்கணக்கில் குழாய் இருந்த தொண்டை அதை நேராக நுரையீரலுக்குள் அனுப்பிவிடலாம்.